கொடிப்பாறைத் தவளை

இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று சொல்கிறவர்கள் எல்லாரும் இறங்கி வருகிறவர்கள். ஏறிக்கொண்டிருக்கிற ஒருவர் வாயிலிருந்தும் அந்த வார்த்தையை நான் கேட்கவில்லை. காலையில் அடிவாரத்து டீக்கடைக்காரர் சொன்னார், அவர் இந்த ஈச்சமலையில் கடைசியாக என்றைக்கு ஏறினாரோ. அப்புறம் விறகுக்கட்டோடு எதிரே வந்த அம்மா சொன்னார், கொஞ்ச தூரந்தான் தாயி, இந்தா வந்துருச்சு. வரவில்லை. வருவதெல்லாம் முழங்கால் வலிதான். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகருமாம். அம்மி வேண்டுமானால் நகரட்டும், என்னால் முடியாது போலிருக்கிறது. இந்த ஷூ வேறு. எமிலியின் ஷூ. தங்கைதான், ஆனால் பாதம் மட்டும் அப்பாவின் பாதம், எனக்கு ஒரு விரற்கடை பெரிது. முனையில் பேப்பரைச் சுருட்டி அடைத்திருக்கிறேன், அது வியர்வையில் ஊறிக் கூழாகிவிட்டது, ஒவ்வொரு அடிக்கும் அவள் காலுக்குள் என் கால் முன்னும் பின்னும் போய் வருகிறது. காலுக்குள் என்றா நினைத்தேன்? ஷூவுக்குள். அவள் கால்கள் திண்டுக்கல் கல்லறைத் தோட்டத்தில், நான் வாங்கிப் போட்ட வெள்ளைக் காலுறையோடு கிடக்கின்றன. வேண்டாம், பிரகாசி, அதை நினைக்காதே, கல்லைப் பார், இது வழுக்குகிற கல். எதற்கு வந்தாயோ அதை நினை. தவளையை எடுக்க வந்தேன். மேலே கொடிப்பாறையில் ஒரு டப்பாவுக்குள் எமிலி வெட்டிய ரப்பர் தவளை இருக்கிறது, அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் வேலை. அவள் கேட்டாள், நான் சரி என்றேன். அவள் கேட்டபோது அவளுக்கு வாய் பாதி கோணிப்போயிருந்தது. என் தவளை மழையில நனையுதுக்கா, போய் எடுத்துட்டு வாக்கா. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, தான் பிழைப்போமா என்று ஒரு நாள்கூடக் கேட்காதவள், ஒரு தவளை நனைகிறது என்று அழுதாள்.

இந்த விளையாட்டை முதலில் கேள்விப்பட்டபோது நான் சிரித்த சிரிப்பு எனக்கே கேட்கிறது. மலையில் ஒரு டப்பாவை ஒளித்து வைப்பார்களாம். உள்ளே ஒரு ரப்பர் முத்திரையும் ஒரு நோட்டும் இருக்குமாம். குறிப்பைப் படித்துத் தேடிக் கண்டுபிடிக்கிறவர் டப்பாவின் முத்திரையைத் தன் நோட்டில் குத்திக்கொள்ள வேண்டும், தன் முத்திரையை டப்பா நோட்டில் குத்திவிட்டு, எல்லாவற்றையும் இருந்தபடியே ஒளித்துவிட்டு இறங்க வேண்டும். பரிசு? கிடையாது. பேப்பரில் போட்டோ வருமா? வராது. நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்றேன். ஏண்டி, வாழ்நாள் பூராவும் தபாலாபீசில் முத்திரை குத்தியது போதாது என்று, ரிட்டையர் ஆன பிறகும் முத்திரை குத்த மலை ஏறணுமா? அவளுக்குக் கோபமே வராது. அங்க மத்தவங்க கடிதாசிக்குக் குத்துனேன்க்கா, இது எனக்கு. அப்படிச் சொல்லிவிட்டு வாய் முழுக்கச் சிரிப்பாள். அந்த வாயை வைத்துத்தான் சின்ன வயதிலேயே வீட்டில் அவளுக்குத் தவளை என்று பெயர். சிரித்தால் காதுவரை போகும், கத்தினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். முத்திரைக்கு ஒரு படம் வேண்டும் என்றபோது அவள் யோசிக்கவே இல்லை, பென்சில் அழிக்கிற பெரிய ரப்பர் கட்டி ஒன்றை எடுத்துத் தவளையை வெட்ட உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு மாதாமாதம் பல் டாக்டர் மெய்யப்பன் கூட்டத்தோடு ஏதாவது ஒரு மலை. இந்த மலைப் பாதை மெய்யப்பன் கண்டெடுத்தது. இருநூறு வருஷத்துக்கு முன்னால் மில்வார்டு என்று ஒரு துரை, வரைபடம் போடுவதற்காக இந்த மலையை அளக்க வந்தாராம். அவர் கூடாரம் அடித்த இடங்களிலெல்லாம் டாக்டர் ஒவ்வொரு டப்பா ஒளித்து வைத்திருக்கிறார். துரை மலையைக் கண்டுபிடித்தார் என்று அடிவாரத்துப் பலகையில் எழுதியிருக்கிறது. தொலைந்தால்தானே கண்டுபிடிப்பதற்கு? மலைவாழ் பளியர்கள் தேன் எடுத்துக்கொண்டிருந்த மலை. துரைக்குப் பாதி வழியில் குளிர்காய்ச்சல் வந்து, நாலு பேர் டோலியில் தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்று எமிலி சொல்வாள், உச்சிப் பாறையில் கொடி நட்டதும் அந்த நாலு பேர்தான், எதிர்மலையிலிருந்து அந்தக் கொடியைக் குறிபார்த்து அளந்தார்கள். கொடி நட்டதால் கொடிப்பாறை. அந்த நாலு பேர் யாருடி என்று கேட்டேன். அது எங்கயும் இல்லக்கா என்றாள். அப்புறம் என்ன வரலாறு என்று சொல்லிவிட்டுக் குழம்பைத் தாளிக்கப் போனேன்.

மூச்சு வாங்குகிறது. இந்த வேரில் கொஞ்சம் உட்காருகிறேன். பைக்குள் கைவிட்டுப் பார்க்கிறேன், கைக்குட்டையில் முடிந்து வைத்தது இருக்கிறது. கொடி முத்திரை. இது கொடிப்பாறை டப்பாவுக்குச் சொந்தமானது, மேலே இருக்க வேண்டியது, எங்கள் வீட்டு மேசை டிராயரில் கிடந்தது. எமிலி கடைசியாக இங்கே வந்தபோது நடந்த கூத்து. குத்தியது எல்லாம் சரியாகத்தான் குத்தினாள், திருப்பி வைக்கும்போது தன்னுடைய தவளையை டப்பாவில் வைத்து மூடிவிட்டு, கொடியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டில் பையைக் கொட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் சிரித்தாள், பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, டாக்டர்ட்ட சொல்லிராதக்கா, போஸ்ட் ஆபீஸ்காரி முத்திரைய மாத்தி வச்சிட்டான்னு ஊரே சிரிக்கும், அடுத்த மாசம் போய் மாத்திட்டு வந்துர்றேன் என்றாள். அடுத்த மாதம் தலைவலி. அதற்கடுத்த மாதம் காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பு. அப்புறம் மதுரை, தலைக்கு ஸ்கேன், ஒரு சின்னப் பெண் டாக்டர் பேனாவால் அந்தப் படத்தில் ஒரு வெள்ளை வட்டத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டியது. எத்தனை நாளாக வளர்ந்திருக்கும் என்று கேட்டேன். சொல்ல முடியாதும்மா, மெதுவா வளர்ற வகை. மெதுவாக என்றால்? அவள் பாறையில் உட்கார்ந்து முத்திரையை மாற்றி வைத்தாளே, அன்றைக்கு இருந்ததா? தேதி முத்திரையை ஒரு நாள் மாற்றிக் குத்தினதாகச் சரித்திரம் இல்லாதவள். ஒரு கை கடிதாசியை நகர்த்தும், ஒரு கை குத்தும், தூக்கத்தில்கூடத் தப்பாது என்பாள். இந்த விளையாட்டில் எல்லாரும் ஒரு தடவையாவது செய்கிற தப்பாம் இது, யாரைக் கேட்டாலும் சொல்வார்களாம், எமிலியே சொல்லியிருக்கிறாள். அப்படியானால் இது அந்தத் தப்பு. இல்லை, இது தலைக்குள் இருந்த கட்டியின் முதல் கைவரிசை. இல்லை, வெறும் தப்பு. அவளைப் புதைத்த நாளிலிருந்து எட்டு மாதமாக இந்த ஒரு செக்கைத்தான் சுற்றிக்கொண்டிருக்கிறேன். நான் சிரித்தது அவளைப் பார்த்தா, அவள் தலைக்குள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தா? சேசுவே, எழுந்திரு, பிரகாசி, உட்கார்ந்தால் இப்படித்தான்.

மேலே பேச்சுச் சத்தம். ஒரு பையனும் பெண்ணும் இறங்கி வருகிறார்கள், புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் போல, பெண்ணின் கழுத்தில் மஞ்சள் கயிறு இன்னும் நிறம் மாறவில்லை. தனியாவா வாரீங்க ஆன்ட்டி, என்று அவள் வாயைப் பிளந்தாள். ஏன், துணைக்கு நாலு பேர் டோலி தூக்கணுமா என்றேன். அவளுக்குப் புரிந்திருக்காது, ஆனாலும் சிரித்தாள். நல்ல பெண். மதுரையாம், டாக்டர் மெய்யப்பனின் குறிப்பை வைத்து எல்லா டப்பாவையும் பார்த்துவிட்டார்களாம். கேட்பதா வேண்டாமா என்று நான் யோசிப்பதற்குள் அவளே நோட்டைப் பிரித்துக் காட்டினாள். கூடாரம், துரையின் தொலைநோக்கி, டோலி, எல்லாம் ஒவ்வொரு பக்கத்தில். கடைசிப் பக்கத்தில் தவளை. என் தங்கை. தண்ணீர் வந்து கண்ணை மறைத்துவிட்டது, பக்கத்துக் கிளையைப் பிடித்துக்கொண்டேன். பச்சை மையில், வாய் காதுவரை போக, உட்கார்ந்திருந்தாள். "கொடிப்பாறைக்கு எதுக்குங்க தவளை?" என்றேன். "கொடிப்பாறையா? தவளைப்பாறை ஆன்ட்டி," என்றான் பையன். "எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க. அந்தத் துரை இங்க ஒரு புது மாதிரித் தவளையக் கண்டுபிடிச்சாராம்ல. அதான்." பெண் அவனை இடித்தாள். "நீயா அடிச்சு விடாத. அந்தக் கல்லு தவளை மாதிரி இருக்கும் ஆன்ட்டி, ஒரு பக்கமாப் பாத்தீங்கன்னா." சொல்ல வாயெடுத்தேன், தவளை எங்கள் வீட்டில், திண்டுக்கல்லில், டைனிங் டேபிளில் பிறந்தது என்று. ஆனால் அவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள். "இன்னும் கொஞ்ச தூரந்தான் ஆன்ட்டி," என்று சொல்லிவிட்டுப் போனார்கள், கையைக் கோத்துக்கொண்டு.

பார்த்தாயாடி, துரைக்குக்கூடக் கிடைக்காதது உனக்குக் கிடைத்துவிட்டது, உன் பெயரில் ஒரு பாறை. உனக்குத் தெரிந்தால் இரண்டு நாள் சிரிப்பாய். எத்தனை வீட்டு நோட்டில் இருக்கிறாயோ, மதுரையில், கரூரில், யார் யார் வீட்டு அலமாரியிலோ. எனக்குப் பொறாமையாக இருக்கிறது. ஆமாம், பொறாமைதான், யாரென்றே தெரியாதவர்கள் எல்லாம் உன்னை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகிறார்கள், நான் உன் டிராயரைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். போதும், இன்றைக்கு நீ வீட்டுக்கு வருகிறாய். பாறைக்கு அதன் கொடி, எனக்கு என் தவளை. நல்ல தவளை, வாய் அழகாக விழுந்திருந்தது, கால் இரண்டும் மடக்கி, கண் இரண்டும். கண். நில். கண் இரண்டும் எப்படி இருந்தது? நான் ஏன் நடையை நிறுத்தினேன்? கண் இரண்டும் ஒன்றுபோல் இருந்தது. இருக்காது. எமிலியின் தவளைக்கு இடது கண் பெரிது. அவள் வெட்டிக்கொண்டிருந்தபோது நான் எங்கள் கான்வென்டில் ஒரு சிஸ்டர் பாவாடைக்கு இரண்டு இடுப்பு வைத்துத் தைத்த கதையைச் சொல்ல, அவள் வெடித்துச் சிரிக்க, கத்தி இழுத்துக்கொண்டு கண் கிழிந்துவிட்டது. போச்சு, வேறு ரப்பர் எடுத்து வெட்டு என்றேன், தையல் டீச்சர் புத்தி, கோணல் என்றால் பிரிக்கச் சொல்லும். இருக்கட்டும்க்கா, அது உன்னைப் பாக்குற கண்ணு, பெருசாத்தான் இருக்கணும் என்றாள். அந்தக் கண் அந்தப் பெண்ணின் நோட்டில் இல்லை. அல்லது நான் பார்க்கவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது, கண்ணாடியில் வியர்வை, எப்படித் தெரியும்? மை நிறைய ஒற்றியிருந்தால் கண் அடைத்துக்கொள்ளும். ஆனால் அடைத்தால் சின்னக் கண்தானே அடைக்கும்? இரண்டும் வட்டமாக, பொட்டு வைத்ததுபோல் இருந்ததே. திரும்பிப் போய்க் கேட்கலாமா? அவர்கள் அதற்குள் எங்கேயோ. வாயும்தான், அவள் வெட்டின வாயில் ஒரு பக்கம் சின்னதாக ஏறியிருக்கும், இதில் இரண்டு பக்கமும் அளவெடுத்ததுபோல். சும்மா இரு. உனக்கு எதிலும் ஓட்டை பார்க்கிற கண். மேலே போனால் தெரிந்துவிடப்போகிறது. மேலே போகாமல் இப்படியே இறங்கிவிட்டால் தவளை அங்கே இருக்கிறது என்றே இருக்கும். ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்காமல் பஸ் ஏறிவிடலாம் என்று அன்றைக்கும் இப்படித்தான் நினைத்தேன். கால் தானாக நடக்கிறது. முழங்கால் வலி எங்கே போனது என்று தெரியவில்லை.

பாறை வந்துவிட்டது. காற்று ஆளைத் தள்ளுகிறது. எந்தப் பக்கமாகப் பார்த்தாலும் தவளை மாதிரி இல்லை, சும்மா ஒரு பெரிய கரும்பாறை, நடுவில் கொடி நட்ட குழியில் நேற்றைய மழைத் தண்ணீர். குறிப்பில் உள்ளபடியே குழிக்குக் கிழக்கே இரட்டை ஈச்சமரம், அதன் அடியில் அடுக்கிய கல், இடுக்கில் கைவிட்டால் டப்பா. பாம்பு இருக்கும் என்ற பயம்கூட இல்லை. டப்பா குளிர்ந்திருந்தது. மூடி ஒரேயடியாக இறுக்கம், நகம் உடைந்தது. உள்ளே பிளாஸ்டிக் உறையில் நோட்டு, மைப்பெட்டி, அப்புறம் வழவழவென்று மரக்கைப்பிடி போட்ட ஒரு முத்திரை. கடையில் செய்தது. திருப்பிப் பார்த்தேன். தவளை. அதன் கீழே தவளைப்பாறை என்று அச்சு எழுத்து. கண் இரண்டும் வட்டமாக, ஒன்றுபோல். டப்பாவைக் கவிழ்த்தேன், கல்லையெல்லாம் புரட்டினேன், மண்ணைக் கிளறினேன். வேறு ஒன்றும் இல்லை. உச்சியில் போனுக்கு டவர் கிடைத்தது. மெய்யப்பனிடம் சொல்லாமல் வந்ததற்குக் காரணம், சொன்னால் அவர் பேனர் கட்டி ஒரு கூட்டத்தையே கூட்டி வருவார். இப்போது அவரைத்தான் கூப்பிட்டு, எங்கே நிற்கிறேன் என்று சொன்னேன். "அக்கா! கொடிப்பாறையிலயா இருக்கீங்க? ஒரு வார்த்தை சொல்லிருந்தா நாங்க எல்லாரும் வந்திருப்போமே," என்றார். பழைய தவளை எங்கே டாக்டர் என்றேன். "அது தேஞ்சு ரெண்டாப் பிஞ்சிருச்சுக்கா. எத்தனை பேர் குத்துறாங்க. எமிலியக்கா வேணும்னே தன்னோடத இங்க விட்டுட்டுப் போயிருக்காங்கன்னு நாங்க யாரும் அதை எடுக்கவே இல்ல. அக்கா ஞாபகமா இருக்கட்டும்னு கடையில குடுத்து அதே மாதிரி புதுசு பண்ணினோம். வருஷ நினைவுக்கு உங்களக் கூட்டிட்டு வந்து காட்டலாம்னு இருந்தோம். ஒரு கண்ணு கொஞ்சம் பிசகி இருந்துச்சு, நான்தான் அதைச் சரி பண்ணிடுங்கன்னு சொன்னேன்." பழசு? "கடையிலயே விட்டுட்டேன் போலக்கா. கேட்டுப் பாக்குறேன். கடைக்காரர் இடத்த மாத்திட்டாரு, இருந்தாலும் கேட்டுப் பாக்குறேன்." நல்ல மனிதர். திட்டுவதற்கு வாயில் இருந்த அத்தனையும் அப்படியே நின்றுவிட்டது. "வேணும்னுதானேக்கா வச்சாங்க?" என்று கேட்டார், சின்னப் பிள்ளை கேட்பதுபோல். "ஆமா டாக்டர், வேணும்னுதான் வச்சா," என்றேன். போனை வைத்த பிறகுதான் யோசித்தேன், நான் யாருக்காகப் பொய் சொன்னேன் என்று. இனிமேல் ஊரைப் பொறுத்தவரை அந்தத் தப்பு நடக்கவே இல்லை. எனக்கும் அந்த ஸ்கேன் படத்து வெள்ளை வட்டத்துக்கும் நடுவில் மட்டும் நடந்தது.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. காற்றில் துப்பட்டா முகத்தில் வந்து அடித்துக்கொண்டே இருந்தது. தவளை நனையவில்லைடி, நனைவதற்குத் தவளையே இல்லை. உன் கை பட்டது, நீ ஊதி ஊதித் தூள் தட்டியது, எந்தக் குப்பையில் எந்த ஊர் மழையில் கிடக்கிறதோ. நான் தாமதமாக வந்துவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது, எட்டு மாதம் என்னால் உன் ஷூவைத் தொட முடியவில்லை, அதுதான் உண்மை. கொடி முத்திரையை அவிழ்த்து டப்பாவில் போட்டேன். அடுத்தவர் பொருள் நம் வீட்டில் தங்கக் கூடாது. புதுத் தவளையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். லட்சணமாகத்தான் இருந்தது. யாரைப் பார்த்தும் சிரிக்காத லட்சணம். இதைத்தான் இனி எல்லாரும் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். எமிலியின் ஞாபகமாம். எமிலி ஒரு நாளாவது இப்படி இரண்டு கண்ணும் அளந்து பார்த்தாளா? துப்பட்டாவிலிருந்து ஊக்கைக் கழற்றினேன். மில்வார்டு துரையோ மெய்யப்பனோ வந்து கேட்கட்டும். ரப்பர் கெட்டியாக இருந்தது, வளைந்தது, வழுக்கியது, ஒரு தடவை விரலில் ஏறி ரத்தம் வந்தது. ஊசி பிடித்துப் பழகின கை, விடவில்லை. இடது கண்ணை நோண்டினேன். ஓரத்தைக் கிழித்து, துணுக்குத் துணுக்காகப் பிய்த்து, கோணலாக, பெரிதாக. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொருளை வேண்டுமென்றே கோணலாக்கினேன். அவளைப் போலவே ஊதித் தூள் தட்டினேன். மையில் ஒற்றி, நோட்டில் காலியாக இருந்த பக்கத்தில் குத்தினேன், குத்திவிட்டுக் கையை எடுக்கப் பயமாக இருந்தது. எடுத்தேன். வாய் அவளுடையது இல்லை. காலும் இல்லை. கண் ஒன்று மட்டும் தாறுமாறாகப் பிதுங்கிக்கொண்டு என்னைப் பார்த்தது. நான் அந்தப் பக்கத்தின் மேல் கவிழ்ந்து, யாரும் இல்லாத மலையில், ஆஸ்பத்திரியிலும் கல்லறையிலும் அழாத அழுகையை வாய்விட்டு அழுதேன்.